உச்சிப் பாதையில் நான் நட்ட கற்கள்

மஸ்கெலியாவுக்கு மேலே, எங்கள் தோட்டத்து மலையில், வெளிநாட்டுப் பயணிகளை மலையேற்றிக் காட்டலாம் என்று, உச்சி வரை போகிற பாதையை வெட்டியது நான். வழுக்குப் பாறையில் படி கொத்தியது நான். ஓடைக்குக் குறுக்கே மரப்பாலம் போட்டது நான். மேலே காற்றுக்கு ஒதுங்கத் தகரக் கொட்டகை கட்டியதும் நான்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு.

"கான் வெட்டுறவனுக்கு வெள்ளக்காரன கூட்டிக்கிட்டு மலையேறக் கேக்குதோ?" என்று லயத்து வரிசை வீடெல்லாம் சிரித்தது. சிரிக்கட்டும். தேயிலைக்குள் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டிய கை இது. இத்தனை மழைக்கும் என் பாதை அரிக்கவில்லை, போய்ப் பாருங்கள்.

இப்போது மலையேறுகிறவர்கள் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் கொழும்பில். லயத்தின் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், நான் ஒருவன். காலையில் மலையேறுகிறவர்கள் சத்தம் மேலே போகும், மாலையில் கீழே வரும். நடுவில் காற்றுதான்.

போன மாதம் பாதை தொடங்குமிடத்தில் ஒரு பலகை நட்டார்கள். மலையேற்றத்தை வளர்த்தவர்கள் என்று இரண்டு படம். ஒருவர் முதலில் ஏறிய துரை. மற்றவர் முதலில் கூடாரம் கொண்டுவந்த டவுன் ஹோட்டல் முதலாளி. அந்த முதலாளி ஏறியதே என் படியில்தான்! பாதையைப் பற்றி, 'ஆதிகாலத்து யாத்திரிகர் வழி' என்று எழுதியிருக்கிறது.

ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டியை மறித்தேன்.

"ஏன் தம்பி, இது நான் வெட்டுன பாதை இல்லையா?"

"என்னா தாத்தா சொல்றீங்க? ஒவ்வொரு வளைவுலயும் பழைய சாமிக்கல்லு இருக்கே. அதப் பாத்துத்தான் எழுதியிருக்காங்க."

"அட, அந்தக் கல்லும் நான் நட்டதுதான்யா!"

புது இடத்தில் மண்வெட்டி போடுமுன் கல் நட்டு, குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி, காவல் சாமியிடம் உத்தரவு கேட்பது எங்கள் வழக்கம். வளைவுக்கு வளைவு கேட்டேன். கொழுந்துக் கூடையில் கல் சுமந்து வந்தவள் என் மனைவி. "ஒங்க பேர ஒரு கல்லுல கொத்துங்களேன்" என்றாள். "சாமி கல்லுல மனுசன் பேரா?" என்று அதட்டினேன்.

"சாட்சிக்கு யாரும் இருக்காங்களா தாத்தா?"

"ஒருத்தி இருந்தா. போயிட்டா."

அவன் தலையைச் சொறிந்தான். மேலேயிருந்து கூட்டம் கூப்பிட்டது, போய்விட்டான்.

பலகை எழுதியவர்களுக்குச் சொல்கிறேன். துரை படம் இருக்கட்டும். முதலாளியும் இருக்கட்டும். சாமிக்கல்லில் கை வைக்காதீர்கள். ஆனால் அந்த யாத்திரிகரை அழித்துவிட்டு, பாதை வெட்டியவன் பேரைப் போடுங்கள். கல் சுமந்தவள் பேரையும் பக்கத்தில் போடுங்கள். பேர் தெரியாவிட்டால் வந்து கேளுங்கள். கடைசிக் காம்பராவில்தான் இருக்கிறேன்.