சவரிமுத்து அண்ணாச்சியும் கொழும்பில் ஒரு பகலும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீசில் தந்திக் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ராஜபாளையத்திலிருந்து அழைப்பு வந்தது. பென்சிலை எடுத்து எழுத்து எழுத்தாக எழுதினேன். முதலில் சவரிமுத்து என்று பெயர் வந்தது. பழகிய குமாஸ்தாக்கள் இப்படிச் சொந்தச் சேதி தட்டிவிடுவது உண்டு. அண்ணாச்சி ஏதோ சொல்லிவிட்டிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். அடுத்த வார்த்தையில் பென்சில் நின்றுவிட்டது. விடிகாலையில் நெஞ்சுவலி, வைத்தியர் வருவதற்குள் முடிந்துவிட்டது, மம்சாபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளுக்கு நீயே நேரில் போய்ச் சொல்லிவிடு என்று கருவி சொல்லி முடித்தது. ஊரார் வீட்டுச் சாவையெல்லாம் எழுதிக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். அந்தத் தாளை மடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

ராஜபாளையத்தில் அவரை அறிந்த உங்களுக்கு அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தந்திச் சேவகராக அவர் ஏறி இறங்காத வாசல் அந்த ஊரில் கிடையாது. நான் அங்கே குமாஸ்தாவாக இருந்த காலத்தில், நான் எழுதியதை அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். தந்தி என்றாலே சாவு என்றுதான் நம் ஜனங்களுக்கு நினைப்பு. ஒருமுறை தெலுங்கு பேசும் ஒரு வீட்டில், இவர் சைக்கிளைக் கண்டதுமே அந்த வீட்டு அம்மாள் “அய்யோ, நா கொடுகா” என்று மகனைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். தந்தியில் இருந்ததோ, மகன் ரங்கூனில் சுகமாகக் கப்பல் இறங்கிவிட்டான் என்ற செய்தி. அம்மாள் மயக்கம் தெளிய வெகுநேரம் பிடித்தது.

மறுநாளிலிருந்து அண்ணாச்சி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். நல்ல தந்தியாக இருந்தால் தெருமுனையிலேயே மணியடித்து, “நல்ல சேதி, நல்ல சேதி” என்று கத்திக்கொண்டே வருவார். கத்தாமல் வந்தால் விஷயம் வேறு என்று தெருவே தெரிந்துகொள்ளும். அப்படிப்பட்ட வீட்டில் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுவார். புதிதாக வரும் சேவகர்களுக்கு அவர் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன்: “சாவுச் சேதியை நின்னுக்கிட்டுச் சொல்லணும்லே. ஒரு காலைச் சைக்கிள்ல வச்சிக்கிட்டுச் சொல்லக் கூடாது. சுத்தி வளைக்கவும் கூடாது. கேக்கிறவுக உசிரு அதுக்குள்ள பாதி போயிரும்.”

இப்படிச் சொன்ன மனுஷர்தான் கொழும்பில் எனக்கு ஒரு முழுப் பகல் ஊர் சுற்றிக் காட்டினார்.

யுத்தத்துக்கு மூன்று வருஷம் முந்தி நடந்தது அது. என் தம்பி செல்லையா கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலையாக இருந்தான். எனக்கு இருந்த ஒரே உடன்பிறப்பு. அவனுக்கு விஷக்காய்ச்சல், ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், உடனே புறப்பட்டு வா என்ற தந்தியை நானே என் கையால் எழுதினேன். எழுதி முடித்ததும் அண்ணாச்சி மேஜையைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றார். “ஐயா, நான் வாலிபத்துல அங்க துறைமுகத்துல கிடந்தவன். சிங்களம் பேசுவேன். உங்களைத் தனியா விட மாட்டேன்” என்றார். அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு ரயிலேறினார்.

மண்டபம் காம்பில் எங்களை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் வகுப்பில் வருகிறவர்களுக்கு நோய் உண்டா என்று சில நாள் வைத்துப் பார்த்துத்தான் அக்கரைக்கு விடுவது விதி. ஒவ்வொரு நாளும் நான் உத்தியோகஸ்தர்களிடம் தந்தியைக் காட்டிக் கெஞ்சினேன். காலிலும் விழுந்தேன். விதி விதிதான் என்றார்கள். கப்பலிலும் ரயிலிலும் நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. தம்பிக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டினேன். அண்ணாச்சியின் மாதாவையும் விடவில்லை.

காலையில் கொழும்பில் இறங்கி நேரே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனோம். “நீங்க மூட்டையைப் பாத்துக்கிடுங்க, நான் வார்டைக் கேட்டுட்டு வாரேன்” என்று அண்ணாச்சி உள்ளே போனார். திரும்பி வந்தபோது தலைப்பாகை அவர் கையில் இருந்தது. வெயிலுக்குக் கழற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை வருஷம் அவரோடு வேலை பார்த்தவன் நான்!

“என்ன அண்ணாச்சி, எப்படி இருக்கான்?”

“சாயந்தரம்தான் உள்ள விடுவாகளாம். செத்த நேரம் நடப்போம் ஐயா.”

நடந்தோம். முதலில் மியூசியம். திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் கீழே நின்று அண்ணாச்சி, “ஐயா…” என்றார். நான் திரும்பினேன். “எம்புட்டு நீளம் பாத்தீகளா” என்றார். பிறகு டிராம் ஏறிக் கோட்டைக்குப் போய் மணிக்கூண்டைக் காட்டினார். அதன் உச்சியிலேயே கலங்கரை விளக்கும் இருக்கிறது, கப்பல்காரனுக்கு நேரமும் தெரியும் வழியும் தெரியும் என்றார். பிறகு காலிமுகக் கடற்கரை. அங்கேயும் ஏதோ சொல்லத் தொடங்கி, கப்பல்களைக் காட்டினார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “தம்பி அங்கே சாகக் கிடக்கிறான், நான் ஊர் பார்க்கவா வந்தேன்? உமக்கு நெஞ்சு இருக்கிறதா?” என்று கத்தினேன். அவர் திரும்பி நடந்தார். அந்தோனியார் கோயிலுக்குள் போய் முழங்காலில் நின்றவர் எழுந்திருக்கவே இல்லை. நான் வாசலில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். செல்லையா குணமானதும் இதையெல்லாம் அவனுக்குச் சொல்லி, இந்த மனுஷரைக் கேலி செய்ய வேண்டும் என்றும் நடுநடுவே நினைத்தேன்.

சாயந்தரம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம், உள்ளே விடும் மணி அடித்தது. நான் வேகமாக வாசலுக்குள் நுழைந்தேன். அண்ணாச்சி பின்னால் வரவில்லை.

“தம்பி” என்று கூப்பிட்டார். அதுவரை என்னை ஐயா என்றே அழைத்தவர். “உள்ள போகாதீக. செல்லையா முந்தாநாளே போயிட்டான். கடைக்காரவுகளே எல்லாம் முடிச்சிட்டாக. காலையிலேயே வார்டுல சொல்லிட்டாக. எனக்குத்தான் வாய் வரலை. அந்த எலும்புக்கூட்டுக்கிட்ட சொல்லுவோம், கடல்கிட்ட சொல்லுவோம், கோயில்ல சொல்லுவோம்னு கூட்டிட்டே திரிஞ்சேன். சொல்லுறதுக்கு ஒரு இடம் கிடைக்கலையே.”

நான் அவரைக் கன்னத்தில் அறைந்தேன். அத்தனை பேர் பார்க்க அறைந்தேன். அவர் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

முந்தாநாள் நாங்கள் மண்டபத்தில் இருந்தோம். அதற்கு அவர் என்ன செய்வார்? அது எனக்கு அன்று தெரியவில்லை. ஊர் திரும்பி ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. எழுதிய தந்தியை மேஜை ஓரத்தில் வைப்பேன், எடுத்துக்கொண்டு போவார். பிறகு வத்திராயிருப்பில் என் மாமனார் வீட்டில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தத் தந்தியையும் நானேதான் எழுதினேன். அண்ணாச்சி அதை எடுத்துக்கொண்டு சைக்கிளோடு தெருமுனை வரை போனார். அங்கிருந்து மணியடித்து, “நல்ல சேதி, நல்ல சேதி” என்று கத்திக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். ஆபீசே சிரித்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்க அப்போதும் வாய் வரவில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை வெயிலில் மம்சாபுரத்துக்குச் சைக்கிள் மிதித்தேன். அண்ணாச்சி சொன்னபடி நின்றுகொண்டு சொல்ல வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மகள் ஞானம் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் தூரத்தில் கண்டதும் சிரித்தாள். “என்ன மாமா, கத்தாம வாரீக? நல்ல சேதிதானே?” என்றாள்.

இறங்கி நின்றேன். வாயைத் திறந்தேன்.

“உங்க ஊர்க் கம்மாயை நான் பார்த்ததே இல்லை தாயி. செத்த நேரம் அப்படி நடப்போமா?” என்றேன்.

கொழும்புக் கதை அவளுக்குத் தெரியும். அப்பாவே பலமுறை சொல்லியிருக்கிறார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“எங்கயும் போக வேண்டாம் மாமா. இங்கனயே நின்னு சொல்லுங்க. எங்கப்பாவா?”

ஆமென்று தலையை ஆட்டினேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

சவரிமுத்து அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கொழும்புப் பகல். திமிங்கில எலும்பும் மணிக்கூண்டும் கப்பல்களும் கண்ணில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தபோதெல்லாம் என் தம்பி எனக்கு உயிரோடு இருந்தான். அவர் மகளுக்கு அவளுடைய அப்பாவை அப்படி உயிரோடு வைத்திருக்க, கம்மாய்க்கரை வரைகூட என்னால் நடந்து கொடுக்க முடியவில்லை.