ஃபாரத்தில் இல்லாத ஆர்ம்

மலேசியாவின் குளுவாங் செம்பனைத் தோட்டத்தில் ராலி கார் பந்தயம். முந்தைய நாள், சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு, கார்களைப் பரிசோதிக்கும் கூடாரத்தில் அந்த மெக்கானிக்கைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். சக்கரத்தைத் தாங்கும் ஆர்மைத் தாமே செய்து மாட்டியிருந்தார். விதிப்படி, கார் நிறுவனம் ஃபாரத்தில் பதிவுசெய்த பாகம்தான் செல்லும். அதன் விலை மிக அதிகம்.

"அலமாக், போன வருசமும் இதே கதைதானே அண்ணே? ஃபாரம்ல இல்ல லா, கழட்டுங்க," என்றார் பரிசோதகர்.

மெக்கானிக் சிரித்தபடியே கழற்றிக் கொடுத்துவிட்டு, காரின் பின்னாலிருந்து நிறுவனத்தின் ஆர்மை எடுத்தார்.

"கையிலயே வெச்சிருக்கீங்க! அப்புறம் ஏன் நீங்க செஞ்சதை மாட்டினீங்க?" என்றேன்.

"மாட்டினாத்தானே சார், அவரு என் வேலையைக் கையில எடுத்துப் பாப்பாரு."

திரும்பிப் பார்த்தேன். பரிசோதகர் அந்தக் கழற்றிய ஆர்மை வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.