மீன் ரூமுக்கு அடித்த சுண்ணாம்பு

எங்கள் வீட்டில் அண்ணனுக்கு என்று தனியாக ஒரு தட்டு இருந்தது. கிணற்றடிப் பக்கத்து ஜன்னலில், கம்பிக்கு வெளியே, கவிழ்த்து வைத்திருக்கும். பக்கத்தில் ஒரு டம்ளர். இரண்டிலும் அவன் பேரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும். மதனப்பள்ளிப் பக்கத்து டி.பி. சானடோரியத்திலிருந்து அவன் திரும்பி வந்த நாளிலிருந்து அவை அலமாரிக்குள் வந்ததே இல்லை. சளியில் கிருமி போய்விட்டது, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அங்கே டாக்டர், நைனாவை, எங்கள் அப்பாவை, எதிரில் உட்காரவைத்துத்தான் சொல்லி அனுப்பினார். நைனாவும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அந்தத் தட்டை எடுத்துக் கொடுத்து, இது வெளியே இருக்கட்டும் என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. நைனா சித்தூர் கோர்ட்டில் குமாஸ்தா, சபையில் கமிட்டி மெம்பர். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து, வியாதியஸ்தருக்காகச் சத்தமாக ஜெபம் பண்ணுவார். வீட்டில் இருக்கிற வியாதியஸ்தனோடு நின்று பேச மட்டும் அவருக்கு ஆகாது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்று, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்பார். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் நகர்ந்துவிடுவார். கல் மனசு என்று சொல்ல மாட்டேன். பயம். அவருடைய தம்பி ஒருவர் சின்ன வயதிலேயே அந்த வியாதியில்தான் போனாராம். அது தெரிந்தும் எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது.

அண்ணனுக்குக் கிணற்றை ஒட்டிய பின்கட்டு ரூமைக் கொடுத்தார்கள். முன்பு விறகும் உடைந்த நாற்காலியும் போட்டு வைத்திருந்த ரூம். பாரம் தூக்கக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது என்று ஆயிரம் கூடாது சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டிலில் படுத்துக் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தவன் ஒரு நாள் எழுந்து, மீன் வளர்க்கப் போகிறேன் என்றான். சானடோரியத்தின் முன்ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்ததாம். எழுந்து நடக்க விட்ட பிறகு அதைக் கழுவுவது, தீனி போடுவது எல்லாம் இவன்தானாம். ‘மத்தவங்க ஆளுங்கள எண்ணிக்கினு இருந்தாங்க, யார் போனாங்க, யார் இருக்காங்கன்னு. நான் மீனப் பாத்துக்கினு இருந்தேன்’ என்று என்னிடம் சொன்னான்.

வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் போட்டு வந்தான். கண்ணாடியை நிறுத்தி, ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கு வைத்து ஒட்டினோம். தண்ணீர் ஊற்றினால் மூலைக்கு மூலை அழும். காயவிட்டு மறுபடி மக்கு வைத்து, மறுபடி ஊற்றி, ஒரு வழியாகத் தொட்டிகள் நின்றன. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்குப் போய்க் கப்பி, மோலி வாங்கி வந்தான். அதெல்லாம் குட்டி போடுகிற மீன், கேட்காமலே பெருகும். அதை வைத்துச் சோறு தின்ன முடியாது, முட்டையிடுகிற ஏஞ்சல் மீன்தான் விலை போகும் என்று அடுத்த தடவை ஏஞ்சல் குஞ்சுகள் கொண்டுவந்து வளர்த்தான்.

ரூம் எப்போதும் ஈரமும் புழுக்கமுமாக இருந்தது. குளிர் நாளில் தொட்டியின் கீழே பல்பு எரியும். மாதா மாதம் பார்க்கிற டாக்டர், உன் நெஞ்சுக்குக் காய்ந்த காற்று வேண்டும், நீ குளத்துக்குள் படுக்கிறாயே என்று திட்டினார். இவன் சிரித்துவிட்டு வந்தான். காலையில் வாளி எடுத்துக்கொண்டு தேங்கின தண்ணீர் தேடிக் கொசுப்புழு அள்ளப் போவான். சும்மாவே அவனைக் கண்டால் மூக்கை மூடுகிற தெரு, சாக்கடை ஓரம் பார்த்தால் விடுமா? எங்கள் சபைக் கோயிலில் ஒரு அம்மாள் என்னைப் பிடித்து, ‘மீனுக்கும் அது வந்துறப் போவுது, பாத்துக்கோ’ என்று சிரித்தாள். ‘வந்தா மொதல்ல உங்க வூட்டுக்குத்தான் கொழம்பு வெச்சி அனுப்புவேன்’ என்றேன். அம்மா வீட்டுக்கு வந்து என் வாயிலேயே ஒன்று போட்டாள். சொன்னதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் பருப்பு வேகாத தண்ணீர். சோப்பு நுரைக்காது. மோலிக்கு அதுவே போதும். ஏஞ்சல் அதில் உயிரோடு இருக்கும், குஞ்சு பொரிக்காது. அதனால் மழைத் தண்ணீரை ஓட்டுச் சரிவிலிருந்து டிரம்மில் பிடித்து, துணியில் வடிகட்டி, ஏஞ்சல் தொட்டிகளுக்கு அதைத்தான் விடுவான். மழைக்கு அப்படிக் காத்திருந்த ஆளை நான் பார்த்ததில்லை. தூறல் விழுந்தால் எல்லாரும் துணி எடுக்க ஓடுவோம், அவன் டிரம் மூடியைத் திறக்க ஓடுவான்.

ஏஞ்சலில் ஒரு ஜோடி சேர்ந்தது. நான் பள்ளிக்கூடத்தில் எழுதின உடைந்த சிலேட்டைத் தொட்டியில் சாய்த்து வைத்திருந்தான். அதில்தான் வரிசையாக முட்டை வைத்தது. வைத்ததைத் தானே தின்றது. மறுபடி வைத்தது, மறுபடி தின்றது. பெற்றதே தின்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்றான். பிறகு முட்டை வைத்த கையோடு சிலேட்டைத் தூக்கி வேறு தொட்டிக்கு மாற்றினான். பூஞ்சை பிடிக்காமல் இருக்க நீல மருந்து சொட்டு விட்டான். பொரித்து, நூல் போல நெளிந்து, நீந்தி, கடைசியில் நாலணாக் காசு அளவுக்கு இறக்கை விரித்துக்கொண்டு நின்றன. அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். கண்ணாடியில் அவன் முகமும் தெரிந்தது. சானடோரியத்துக்குப் போவதற்கு முன்பு இருந்த முகம்.

திருப்பதியில் லாட்ஜ்காரர் ஒருவர் வரவேற்பறையில் பெரிய தொட்டி வைத்திருந்தார். பக்தர்கள் சாவிக்குக் காத்திருக்கும்போது வேடிக்கை பார்க்க. அண்ணன் கொண்டுபோய்க் காட்டின குஞ்சுகளைப் பார்த்து, பாகுந்தி, பாகுந்தி, நன்றாயிருக்கிறது என்று அவர் பெரிதானதை எல்லாம் கேட்டுவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்பே கொண்டுவரச் சொன்னார்.

‘வர்றப்போ தட்டு வாங்கியாரப் போறேன்’ என்றான் அண்ணன்.

வீட்டில் இல்லாத தட்டா என்று கேட்டேன்.

‘எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டு. ஒண்ணுத்துலயும் பேர் வெட்டப் போறதில்ல. கழுவி ஒண்ணா அடுக்கிட்டா எது என்னுதுன்னு யாருக்குத் தெரியும்? கிறிஸ்துமஸ் அன்னிக்கு உள்ள உக்காந்து துன்றேன் பாரு.’

விளையாட்டு போலத்தான் சொன்னான். மீன் ரூம், சிலேட்டு, மழைத் தண்ணீர், சாக்கடை ஓரம் பட்ட அவமானம் எல்லாமே அதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன் கையால் சம்பாதித்து, கேட்காமல், கெஞ்சாமல், எங்களோடு உட்கார்ந்து ஒரு வேளை தின்ன வேண்டும். ஒரு மனுஷன் சொந்த வீட்டில் ஆசைப்படுகிற விஷயமா இது!

டிசம்பர் வந்தால் எங்கள் சபை வீடுகளில் சுண்ணாம்பு அடிப்பார்கள். கேரல் பாட வருகிறவர்கள் படியேறும்போது சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும். கடனோ உடனோ, அது இல்லாமல் பண்டிகை இல்லை. நைனா ஆள் வைக்க மாட்டார். கல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தானே தாளித்து, பசையும் நீலமும் கலந்து, நார் மட்டையால் தானே அடிப்பார். முந்தின வருஷம் அண்ணன், என் ரூமுக்கு வேண்டாம், ஒரு சொட்டு விழுந்தாலும் மீன் தாங்காது என்று சொல்லியிருந்தான். நைனாவும் விட்டுவிட்டார்.

அண்ணன் பெரிய குஞ்சுகளைப் பாலிதீன் பைகளில் கட்டி, ஈரச் சாக்கு சுற்றின தகரத்தில் அடுக்கி, விடியற்காலை பஸ்ஸில் திருப்பதிக்குப் போனான். ஜோடியும், அடுத்த ஈட்டுக் குஞ்சுகளும் தொட்டியிலேயே இருந்தன. நான் கோயிலில் காகித நட்சத்திரம் கட்டப் போயிருந்தேன். அம்மா பக்கத்து வீட்டில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். நைனாவுக்கு கோர்ட் லீவு.

சாயங்காலம் நான் வந்தபோது பின்கட்டு ரூம் பளீரென்று இருந்தது. நைனா கட்டிலை வெளியே போட்டு, தொட்டிகளுக்கு மேல் கெட்டியாகச் சாக்கு போர்த்தி, ஒரு சொட்டு விழாமல்தான் அடித்திருந்தார். அதைச் சொல்லியாக வேண்டும். அடித்து முடித்துச் சாக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஏஞ்சல் தொட்டிகளில் தண்ணீர் குறைவாக இருந்திருக்கிறது. பையன் வந்து இறைக்க வேண்டாமே என்று தானே கிணற்றில் இறைத்து நிரப்பியிருக்கிறார். சுண்ணாம்பு கலந்த அதே வாளியில். ஒரு அலசு அலசிவிட்டேன் என்றார்.

தண்ணீர் பால் போலக் கலங்கியிருந்தது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஜோடி ஏற்கெனவே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. நான் டிரம்முக்கு ஓடினேன். மழைத் தண்ணீர் மொண்டு மொண்டு மாற்றினேன். இருட்டுவதற்குள் எல்லாம் மிதந்தன. மோலித் தொட்டியில் மட்டும் ஒன்றும் ஆகவில்லை, குண்டு குண்டாக ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு அவற்றைப் பார்த்தும் கோபம் வந்தது.

அண்ணன் வந்தான். கையில் பேப்பர் சுற்றின தட்டுக் கட்டு. முகத்தில் அலைச்சல், அதற்கு மேல் சிரிப்பு. வாசலிலேயே மணம் பிடித்துவிட்டான். புதுச் சுண்ணாம்பின் மணம் மறைக்கக் கூடியதா? ரூமுக்குள் போனான். தொட்டியைப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் சுவரைத் தொட்டுப் பார்த்தான். வீடு முழுக்க ஒரு பூச்சு, அந்த ரூமுக்கு மட்டும் இரண்டு பூச்சு. கட்டில் போட்டிருந்த இடத்தில், தரையில், அவன் தலைமாட்டுப் பக்கமெல்லாம் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தது. எங்கள் பக்கத்தில் எங்கே அப்படித் தூவுவார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வியாதிக்காரன் செத்த ரூமில்.

நைனா வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றார். பண்டிகைக்கு எல்லா ரூமும் ஒன்றுதானே என்று அடித்தேன், தண்ணீர் விஷயம் தெரியாமல் போய்விட்டது என்றார்.

‘நைனா, ரூமுக்கு அடிச்சியா, எனக்கு அடிச்சியா?’

அண்ணன் கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் போலக் கேட்டான். நைனா விரலில் காய்ந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார். இல்லைடா என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், அதுகூட வரவில்லை அவருக்கு.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு அம்மா புதுத் தட்டுகளை வரிசையாகப் போட்டாள். அண்ணனையும் உள்ளே கூப்பிட்டாள். வந்தான். வரும் வழியில் ஜன்னலில் இருந்த தன் பழைய தட்டை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவிடம் நீட்டி, பிரியாணி வாங்கிக்கொண்டு ரூமுக்குப் போய்விட்டான். அம்மா அழுதாள். நைனா குனிந்து தின்றுகொண்டே இருந்தார். எனக்குத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகு அவன் தொட்டிகளுக்குத் தண்ணீர் விடவில்லை. மோலிகளை யாருக்கோ கொடுத்துவிட்டான். மாத்திரையும் ஒழுங்காகப் போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வெயில் ஏறும்போது காய்ச்சல் வந்தது, பிறகு இருமல், பிறகு ரத்தம். தட்டையும் டம்ளரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு தானே பஸ் ஏறி சானடோரியத்துக்குப் போனான். இந்தத் தடவை திரும்பி வரவில்லை. நைனா போய் அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டு, அந்தத் துணிப்பையோடு வந்தார்.

சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து சொன்னார்கள். அந்தத் தட்டைத் தூக்கி எறி, ரூமுக்கு நல்லா சுண்ணாம்பு அடி. அன்று ராத்திரி அம்மா நைனாவுக்குப் புதுத் தட்டு வைத்தபோது அதைத் தள்ளிவிட்டு, பைக்குள்ளிருந்து அண்ணன் தட்டை எடுத்து நீட்டினார். சாகிற வரைக்கும் அதில்தான் தின்றார். பின்கட்டு ரூமுக்கு அவர் இருந்தவரை ஒரு கிறிஸ்துமஸுக்கும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

சபையில் அதைப் பெரிதாகப் பேசினார்கள், என்ன பாசம் என்று. என்னால் தலையாட்ட முடியவில்லை. அண்ணன் உயிரோடு இருந்தபோது, ஒரே ஒரு வேளை, அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றிருந்தால் போதும்.