உங்க விரல் எங்க?

எங்கள் விருத்தாசலத்தில் எதைச் செய்வதானாலும் முதலில் அச்சு எடுத்துவிடுவார்கள். பொம்மையோ ஃபியூஸ் கட்டையோ, பிளாஸ்டர் அச்சில் களிமண் கரைசலை ஊற்றி, இறுகியதும் எடுத்து, கைத்தடம் தெரியாமல் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் ஆயிற்று. துடைப்பதில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. துடைத்துத் துடைத்து ரேகையே தேய்ந்துவிட்டது. ஆதார் எடுக்கப் போனபோது மிஷினில் அவர் விரல் விழவே இல்லை. வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

நான் நாலாவது படிக்கும்போது, புதுச்சேரியில் கடை வைத்திருந்த ஓர் அம்மா அப்பாவின் சின்னச் சூளையைத் தேடி வந்தார். துணியைப் பிரித்து ஒரு கறுப்புக் கிண்ணத்தை வைத்தார். ஜப்பானில் டீ குடிக்கிற கிண்ணமாம். சக்கரம் இல்லாமல் கையாலேயே பிடிப்பார்களாம். செக்கச்செவேலென்று தகிக்கும்போதே இடுக்கியால் சூளையிலிருந்து எடுத்தால்தான் அந்தக் கறுப்பு வருமாம். கிண்ணம் கோணலாக இருந்தது. பக்கத்தில் செய்தவரின் கட்டைவிரல் அழுந்திய பள்ளம். எங்கள் ஊரில் என்றால் உடைசல் குவியலுக்குப் போயிருக்கும்.

"இந்த மாதிரி செஞ்சு குடுங்க, எவ்வளவு செஞ்சாலும் எடுத்துக்கறேன்" என்றார். அது நடந்தால் அப்பா சூளையை மூடிவிட்டு குஜராத் டைல்ஸ் கம்பெனிக்குப் போகவேண்டியதில்லை.

அப்பா வேறென்ன செய்வார், கிண்ணத்துக்கு அச்சு எடுத்தார். இடுக்கியால் எடுக்கும்போது முழங்கையெல்லாம் கொப்பளம். பாதி வெடித்துப்போயின, மிச்சம் கன்னங்கரேலென்று மின்னின. ஒவ்வொன்றிலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அதே இடத்தில் அதே பள்ளம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த அம்மாவும் வந்து விரலை வைத்துப் பார்த்தார். ஒன்றில், இன்னொன்றில், பிறகு மற்றவற்றில். முகம் வாடிவிட்டது.

"எல்லாத்துலயும் அந்த ஜப்பான்காரர் விரல்தாங்க இருக்குது. உங்க விரல் எங்க?"

"அதைத்தாங்க நாங்க தொடைச்சிடுவோம்" என்றார் அப்பா.

அந்த அம்மா தன் கிண்ணத்தை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா கொஞ்சம் களிமண்ணை உருட்டிக் கட்டைவிரலை அழுத்தினார். உற்றுப் பார்த்தார். பிசைந்துவிட்டு மறுபடி அழுத்தினார். விளையாடுகிறார் என்று நானும் பக்கத்தில் என் விரலை அழுத்தினேன். என்னுடையதில் கோடு கோடாக விழுந்தது. அவருடையதில் வழவழவென்று வெறும் குழி.

"நான்தான் ஜெயிச்சேன்!" என்று கத்தினேன்.

"ஆமா பாப்பா" என்றார்.

பொங்கலுக்கு முன்பே குஜராத்துக்கு ரயில் ஏறிவிட்டார். எதில் ஜெயித்தேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.