மீதி மாஸ்டர்

ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்த அவரை மாணவர்கள் மீதி மாஸ்டர் என்றார்கள். வேலைக்கான தேர்வு எழுதுகிறவர்கள்தான் அவரிடம் வந்தார்கள். யாராவது 'பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்' என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், "மழை பெஞ்சதால. சரி, அதனால என்ன ஆச்சு? மீதி எங்க?" என்பார். மீதியை எழுதும்வரை வீட்டுக்கு விடமாட்டார்.

வீட்டிலும் அப்படித்தான். அவரைச் சீண்டுவதற்காகவே மனைவி சமையலறையிலிருந்து, "என்னங்க, அந்த..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வாள்.

"மீதி?"

"வேணும்னா எழுந்து வாங்க" என்று சிரிப்பாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய விளையாட்டு அது.

அன்று மாலை முன்னறையில் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நெஞ்சுல..." என்று குரல் வந்தது.

"மீதி?" என்றார். பதில் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள் என்று நினைத்தார். அவரும் விட்டுக்கொடுக்காமல் கட்டு முழுவதையும் திருத்தி முடித்த பிறகுதான் தண்ணீர் குடிக்க எழுந்துபோனார். அவள் அடுப்புக்குக் கீழே கிடந்தாள். கை சில்லிட்டிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய தம்பி கேட்டான்: "அக்கா கூப்பிடவே இல்லையா மாமா?"

"கூப்பிட்டா. கூப்பிட்ட உடனே நான் ஓடிப்போய் அவளை மடியில போட்டுக்கிட்டேன்."

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்களே. எனக்கு அது போதும் மாமா."

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.