பதினான்காவது மாநிலம்

பதினாறு வயதில், நான்காம் படிவம் படித்தபோது, பினாங்கில் ஒரு தமிழ்ச் சங்கம் பள்ளிகளுக்கு நடத்திய புதிர்ப் போட்டியில் எங்கள் அணி இறுதிச் சுற்றுக்குப் போனது. எதிரணியின் தலைவி எனக்குத் தெரிந்தவள். டத்தோ கிராமாட்டில் எங்கள் தெருவிலேயே குடியிருந்தாள், பள்ளிதான் வேறு.

அன்று அவள் வேகம் எனக்குப் பிடிபடவில்லை. கேள்வி பாதியில் இருக்கும்போதே மணியை அடித்தாள். ஆப்பிரிக்காவில் என்று தொடங்கியதுமே விடை வந்துவிட்டது. என் கால்கள் ஒரு நிலையில் இல்லை. மேசைக்கடியில் சப்பாத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. மலேசியாவில் மொத்தம் எத்தனை மாநிலங்கள்? இந்த முறை நான் முந்திக்கொண்டு பதின்மூன்று என்றேன். கேள்வி கேட்டவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், தயங்கினார், தவறு என்றார். கேள்வி எதிரணிக்குப் போனது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பதினாலு" என்றாள். சரியான விடை என்று அறிவித்தார்கள்.

அரங்கம் சலசலத்தது. சிங்கப்பூர் பிரிந்துபோவதற்கு முன்புதானே பதினான்கு? எங்கள் வாத்தியார் மேடையேறித் தாளை வாங்கிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் வாக்குவாதம் நீண்டது. கடைசியில் விஷயம் வெளியே வந்தது. சங்கச் செயலாளர் கேள்விகளைத் தயாரிக்கவே இல்லை. சூலியா தெருவில் வாங்கிய, தமிழ்நாட்டில் எந்தக் காலத்திலோ அச்சான பொது அறிவுப் புத்தகத்திலிருந்து விடையோடு அப்படியே எடுத்து எழுதியிருந்தார்.

வேறு கேள்விகள் கேட்கும்படி வாத்தியார் சொன்னார். செயலாளர் மசியவில்லை. கேள்வி எங்கிருந்து வந்தால் என்ன, விடை தெரிந்தால் சரிதானே என்றார். அந்த ஒரு கேள்விக்கான புள்ளியை மட்டும் எங்களுக்கு மாற்றிக் கொடுத்துப் போட்டியைத் தொடர்ந்தார்கள். அதன்பிறகு தெரிந்த விடையைச் சொல்லக்கூட எனக்கு நா எழவில்லை. புத்தகத்தில் என்ன போட்டிருப்பானோ என்றே மனம் அலைந்தது. கோப்பை அவர்களுக்குப் போனது.

திங்கட்கிழமை காலை பஸ் நிற்குமிடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"பதின்மூணுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்லா. அவர் தாள்ல பதினாலுன்னுதான் இருக்கும்னும் தெரியும்."

போன வருடக் கேள்விகளை வைத்து அவளுடைய டீச்சர் அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்து, அணி முழுவதையும் மனப்பாடம் செய்ய வைத்திருந்தாராம். மேடையில், நான் சொன்ன பதின்மூன்றுதான் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாளாம். முன்வரிசையில் இருந்த டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் மாறிவிட்டதாம்.

"உன் வாத்தியார் கொடுத்திருந்தா நீ படிச்சிருக்க மாட்டியா?" என்று கேட்டாள்.

பஸ் வந்தது. ஏறி, அவளுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த வருடம் அவள் போட்டிக்கு வரவில்லை. டீச்சர் கூப்பிட்டும் மறுத்துவிட்டதாக அம்மா சொன்னார். நான் போனேன். கேள்விகளைப் பல பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடி எழுதியதாக முதலிலேயே அறிவித்தார்கள். ஆனாலும் எதிரில் யாராவது சீக்கிரம் மணியடித்தால் முன்வரிசையில் அவர்களுடைய டீச்சரின் முகத்தைத் தேடினேன். இரண்டாவதாக வந்தோம்.