தாணுமாலயனின் ஆம்ப்ளிபயரும் லீலாபாயின் மேசையும்

கரமனையில் எங்கள் அடுத்த வீட்டுத் தாணுமாலயனுக்குத் தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் மேனேஜர் உத்தியோகம். அது சம்பளத்துக்கு. தன் பிறவிப் பயன் என்று அவர் நினைத்தது ஆம்ப்ளிபயர் செய்வதை. அது நடந்த இடம், அவர் மனைவி லீலாபாய் அக்கா தன் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பலாமரச் சாப்பாட்டு மேசை. ஆறு வருடமாகக் கம்பியும் ஸ்பீக்கரும் மேசைமேல் இருக்க, புருஷனும் பெண்டாட்டியும் தரையில் சாப்பிட்டார்கள்.

தொண்ணூற்றாறில் அவர் செய்த ஸ்டீரியோவில் ஒரு தொல்லை. அதைப் பாடவைக்கும் ஐசி என்ற சில்லு முப்பத்தாறு வோல்ட்டுக்குமேல் தாங்காது. கையிலிருந்த பழைய டிரான்ஸ்பார்மரோ நாற்பது கொடுத்தது. புதிது வாங்குவாரா? மாட்டார். வோல்ட்டைக் குறைக்க, அதன்மேல் சுற்றியிருந்த கம்பியைச் சுற்றுச் சுற்றாக உருவி, மீட்டரில் முப்பத்திரண்டு வந்ததும் நிறுத்தினார். லாட்ஜிலிருந்து வந்து, மாலை ஏழு மணிக்குச் செய்த வேலை. அன்று பாட்டு ஜோராகக் கேட்டது. தெருவே கேட்டது, வேறு வழியில்லாமல்.

மறுநாள் விடிந்ததும் பக்திப் பாட்டுப் போட்டார். டப்பென்று சத்தம், பிறகு புகை.

"டூப்ளிகேட் ஐசி!" என்று சாலை பஜாரில் ஐசி விற்ற கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். இரண்டாவது ஐசியும் மாலையில் பாடி, காலையில் புகைந்தது. மூன்றாவதும் அப்படியே. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. என் காலைத் தூக்கம் தப்பியதில் சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்றாவது புகைந்த காலையில் மனுஷர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். இரவல் வாங்கிய முறத்தைக் கொடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"காரணம் எனக்குத் தெரியும். மேசைய ஒழிச்சுத் தாரேளா, சொல்லுகேன்."

"நீயா? ஐசின்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"ஐசி தெரியாது. மேசை தெரியும்."

கொஞ்ச நேரம் வீம்பு பிடித்தார். பிறகு சாமான்கள் எல்லாம் பின்பக்கச் சாய்ப்புக்குக் குடிபெயர்ந்தன. அக்கா மேசையைச் சோப்புப் போட்டுத் துடைத்து, இலை போட்டு, தோசை வைத்து, அதன்பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சாயங்காலம் நம்ம வீட்டுல மிக்சி சுத்துமா? ஊரெல்லாம் லைட்டப் போட்டா கரண்டு சோந்துல்லா போகுது. அதனாலதான் நான் எல்லாத்தையும் காலம்பறயே அரைக்கேன். நீங்க சாயங்காலம் அளந்துட்டு, காலம்பற பாட்டுப் போட்டா பொகையாம என்ன செய்யும்?"

மீட்டரோடு பிளக்குக்கு ஓடினார். இருநூற்று நாற்பது வோல்ட். அன்று மாலை ஏழுக்குப் பார்த்தால் நூற்றெண்பதுதான். மாலையில் முப்பத்திரண்டு கொடுத்த டிரான்ஸ்பார்மர் காலையில் நாற்பதைத் தாண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அளந்து, இன்னும் கொஞ்சம் கம்பி உருவி, நாலாவது ஐசியைப் பொருத்தினார். புகையவில்லை. என் தூக்கம் போயிற்று. சண்டை போடப் போனால், இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது ஒனக்கு எப்பம் தெரியும் லீலா?" அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"மொத ஐசி பொகஞ்ச அண்ணைக்கே."

"பின்னே ஏன் சொல்லல்லை?"

அவர் இலையில் இன்னொரு தோசையை வைத்துவிட்டு அக்கா கேட்டாள்: "ஒத்த ஐசிக்கு நீங்க மேசை தருவேளா?"